விலங்கைக் கழற்றினால் போதுமா?

போதைப் பயன்பாட்டைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட ஊர்களில் என்ன நடந்தது? தனிமனித சுதந்திரம், பொறுப்பு என்ற இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு உலகம் நடத்திப் பார்த்த சோதனைகளின் கதை.

சென்னையில் ஒரு நீதிமன்ற வளாகம். காலை பதினொன்றரை மணி. வேப்பமரத்தடி சிமென்ட் திண்டில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு டிபன் டப்பா, மடித்த சட்டை ஒன்று, ஆதார் அட்டையின் நகல்கள். பத்தொன்பது வயது மகனை முந்தைய நாள் இரவு போலீஸ் பிடித்திருந்தது. சட்டைப்பையில் இரண்டு கஞ்சாப் பொட்டலங்கள்.

வக்கீல் வேகமாக வந்தார். "பயப்படாதீங்கம்மா. சின்ன அளவுதான். சாயங்காலத்துக்குள்ள ஜாமீன்ல வந்துடுவான்."

அந்த அம்மா தலையாட்டினார். திரும்பிப் போகப் பார்த்தவரை நிறுத்தி, "வந்துடுவான் சார். வந்தா எங்க கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார்.

"வீட்டுக்குத்தாம்மா."

"வீட்லருந்துதானே சார் போனான்."

வக்கீலுக்கு அடுத்த வழக்கு காத்திருந்தது. போய்விட்டார். மகன் கஞ்சாவில் தொடங்கி வலி மாத்திரைக்குப் போய்விட்டதையும், படுக்கைக்கு அடியில் காலி மாத்திரை அட்டைகளைத் தாமே பொறுக்கி எடுத்ததையும் அந்த அம்மா என்னிடம் சொன்னார். அவருக்குப் போலீஸ் மீது கோபமில்லை. மகனைச் சிறையில் போடவேண்டும் என்ற ஆசையும் இல்லை. போக ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

இதே வயதுப் பையன் இதே பொட்டலத்தோடு லிஸ்பன் நகரில் பிடிபட்டிருந்தால், போலீஸ் பொட்டலத்தைப் பறிமுதல் செய்துவிட்டு அவன் கையில் ஒரு சீட்டைக் கொடுத்திருக்கும். 72 மணி நேரத்துக்குள் அவன் ஓர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். அங்கே கூண்டு கிடையாது, கறுப்பு அங்கி கிடையாது. சாதாரண மேசை. எதிரே இருப்பவர்கள் சட்டம், மருத்துவம், சமூகப்பணி போன்ற துறைகளிலிருந்து வந்தவர்கள். "எப்போது தொடங்கியது? தூக்கம் வருகிறதா? வேலை இருக்கிறதா? வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்பதுபோன்ற கேள்விகளோடு பேச்சு தொடங்கும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு ஒரு நாடு எழுதிய விடை அந்த மேசை. உலகில் வேறு விடைகளும் எழுதப்பட்டன. சில தேறின, சில தோற்றன. ஏன் என்று பார்ப்போம்.

என் உடம்பு, என் உரிமை?

போதையைக் குற்றமாக்கக் கூடாது என்பவர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வயது வந்த ஒருவர் தம் உடம்புக்குள் எதைச் செலுத்திக்கொள்கிறார் என்பதில் அரசுக்கு என்ன வேலை? மதுவும் சிகரெட்டும் கடையில் கிடைக்கின்றன. அவற்றால் சாவோர் ஏராளம். அவற்றை விடுத்து இதற்கு மட்டும் ஏன் கைவிலங்கு? பிடிபடுகிறவர்களில் பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் வெளியே வந்துவிட, குடிசைப் பகுதி இளைஞர்கள் மட்டும் ஏன் உள்ளே கிடக்கிறார்கள்? ஒரு பொட்டலத்துக்காகப் பதிவான வழக்கு, வாழ்நாள் முழுவதும் வேலையையும் பாஸ்போர்ட்டையும் மறிக்கலாமா?

இந்த வாதத்தின் தலைமகன் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தம் நூலில் அவர் கிழித்த கோடு இன்றும் நிற்கிறது: பிறருக்குத் தீங்கு வராமல் தடுப்பதற்கு மட்டுமே ஒருவர் மீது சமூகம் பலத்தைக் காட்டலாம், அவருடைய நன்மைக்காக என்று சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஆனால் அதே மில் இரண்டு விலக்குகளையும் சேர்த்தே வைத்தார். முதலாவது, இந்த விதி முதிர்ந்தவர்களுக்கு மட்டுமே, சிறுவர்களுக்கு இல்லை. இரண்டாவது இன்னும் ஆழமானது. ஒருவர் தம்மையே அடிமையாக விற்றுக்கொள்ள உரிமை உண்டா? இல்லை என்கிறார் மில். சுதந்திரத்தைப் பயன்படுத்திச் சுதந்திரத்தையே விட்டுக்கொடுப்பது சுதந்திரம் ஆகாது.

போதை பற்றிய விவாதத்தின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. முதல் ஊசியைப் போட்டுக்கொள்பவர் தேர்ந்தெடுக்கிறார். ஆயிரமாவது ஊசியைப் போட்டுக்கொள்பவரும் தேர்ந்தெடுக்கிறாரா? ஹெராயின் கிடைக்காத எட்டாவது மணி நேரத்தில் எலும்புக்குள் குடையும் வலி, வாந்தி, வியர்வை, நடுக்கம். அப்போது வாங்கப் புறப்படுகிறவரை "அது அவர் விருப்பம்" என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. "அவர் குற்றவாளி" என்று சொல்லவும் வரவில்லை.

■ மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

*தடை:* வைத்திருப்பது, விற்பது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம். வழக்கு, சிறை.

*குற்றநீக்கம்:* சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிய அளவு வைத்திருந்தால் கிரிமினல் வழக்கு இல்லை. ஆனாலும் அது அனுமதிக்கப்பட்ட செயல் அல்ல. அபராதமோ ஆலோசனையோ உண்டு. விற்பவருக்குச் சிறை தொடரும். போர்ச்சுகல் செய்தது இது.

*சட்டப்பூர்வமாக்கல்:* உரிமம், வயது வரம்பு, வரி ஆகியவற்றோடு கடை வைத்தே விற்கலாம். கஞ்சாவை 2013இல் உருகுவேயும் 2018இல் கனடாவும் இப்படி ஆக்கின.

விவாத மேடைகளில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. பாதிச் சண்டை அந்தக் குழப்பத்தால் வருவது.

நூற்றுக்கு ஒருவர்

1974 வரை போர்ச்சுகல் சர்வாதிகாரத்தில் பூட்டிக் கிடந்த நாடு. அந்த ஆண்டு ஏப்ரலில் ஆட்சி கவிழ்ந்தது. அங்கோலா, மொசாம்பிக் போர்களிலிருந்து வீரர்கள் திரும்பினார்கள். குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த லட்சக்கணக்கானோர் வந்து இறங்கினார்கள். திறந்த கதவு வழியாகப் போதையும் நுழைந்தது. முன்பின் பழக்கமில்லாத சமூகம் தாங்கவில்லை. 1990களின் இறுதியில் ஒரு கோடி மக்கள்தொகை கொண்ட நாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஹெராயின் பிடியில் இருந்தார்கள். நூற்றுக்கு ஒருவர்.

லிஸ்பனில் கசால் வென்டோசோ என்றொரு மேட்டுக் குடியிருப்பு. ஐரோப்பாவின் மிகப்பெரிய திறந்தவெளிப் போதைச் சந்தை என்று பெயர் எடுத்த இடம். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து வாங்கி, அங்கேயே போட்டுக்கொண்டார்கள். ஒரே ஊசி பல கைகள் மாறியது. எய்ட்ஸ் பரவியது. வேலைக்காரர் வீடு, வியாபாரி வீடு, அமைச்சர் வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளை போனது. அதனாலேயே இது "அவர்கள்" பிரச்சினையாக இல்லாமல் "நம்" பிரச்சினை ஆயிற்று.

1998இல் அன்டோனியோ குட்டெரெஸ் பிரதமராக இருந்தபோது (பின்னாளில் ஐ.நா. பொதுச்செயலாளர் ஆனவர் இவர்தான்) அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. தெற்கே அல்கார்வே பகுதியில் குடும்ப மருத்துவராகப் பல ஆண்டுகள் போதைநோயாளிகளைப் பார்த்துவந்த ஜுவாவ் குலாவ் அதில் ஓர் உறுப்பினர். போதைக்கு ஆளானவர் குற்றவாளி அல்ல, நோயாளி என்பது குழுவின் அடிப்படை. சட்டம் 2000இல் நிறைவேறி, 2001 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

தண்டனை இல்லை, தப்பித்தலும் இல்லை

இந்தச் சட்டத்தைப் பற்றி உலகம் பேசும்போது "போர்ச்சுகலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள்" என்கிறது. அது தவறு. பத்து நாள் தேவைக்குமேல் வைத்திருந்தால் கிரிமினல் வழக்கு என்றே 2023 வரை இருந்தது. விற்றால் 4 முதல் 12 ஆண்டு வரை சிறை. பத்து நாள் அளவுக்குள் இருந்தாலும் பொருள் பறிமுதல். 72 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வந்தே ஆகவேண்டும்.

வந்தவர்களைக் குழு பிரித்துப் பார்க்கிறது. பெரும்பாலோர் எப்போதாவது கஞ்சா புகைப்பவர்கள். அவர்களுடைய வழக்கு நிறுத்திவைக்கப்படும். மறுபடி பிடிபடாவிட்டால் முடிந்துபோகும். குற்றப் பதிவேட்டில் எதுவும் ஏறாது. அடிமையாகிவிட்டவருக்குச் சிகிச்சைக்கு அழைப்பு. இங்கே நெஞ்சைத் தொடும் ஒரு நுணுக்கம் உண்டு. அடிமையாகாதவருக்குத்தான் அபராதம் விதிக்கலாம். அடிமையானவருக்குப் பண அபராதம் கூடாது. கையில் காசில்லாத நோயாளியிடம் அபராதம் கேட்டால் அவர் எங்கே போய்க் கொண்டுவருவார் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

சட்டத்தைவிடப் பெரிய வேலை அதற்கு வெளியே நடந்தது. சிகிச்சை மையங்கள் பெருகின. ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவக் கண்காணிப்பில் தரப்படும் மெத்தடோன், வேன்களில் ஏறித் தெருவுக்கே வந்தது. 1993லேயே மருந்துக்கடைகள் வழியாகத் தொடங்கியிருந்த, பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி தரும் திட்டம் வலுப்பட்டது. மீண்டுவருபவரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு கொடுத்தது. சிறைக்குச் செலவழித்த பணம் இந்தப் பக்கம் திரும்பியது.

பலன் தெரிந்தது. ஊசி வழியாகப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றுவோர் 2001இல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். இரண்டு பத்தாண்டுகளுக்குள் சில பத்துகளாகச் சுருங்கியது. போதை மிகுந்து இறப்போர் விகிதத்தில் போர்ச்சுகல் மேற்கு ஐரோப்பாவின் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றாயிற்று. "விட்டால் ஊரே கெட்டுவிடும், உலகத்துப் போதைக்காரரெல்லாம் லிஸ்பனுக்கு வந்து குவிவார்கள்" என்ற அச்சம் பலிக்கவில்லை.

■ போர்ச்சுகல்: சொந்தப் பயன்பாட்டு அளவு (பத்து நாளுக்கு)

கஞ்சா இலை, பூ: 25 கிராம்
கஞ்சாப் பிசின்: 5 கிராம்
கொக்கெய்ன்: 2 கிராம்
ஹெராயின்: 1 கிராம்

சிறையில் இருந்தோரில் போதைக் குற்றங்களுக்காக வந்தவர்கள் 2001க்கு முன் 40 சதவீதத்துக்கும் மேல். பத்தாண்டில் ஏறத்தாழ 20 சதவீதம்.

ஓரிகன்: விலங்கு போனது, மேசை வரவில்லை

பசிபிக் கரையில் இருக்கும் அமெரிக்க மாநிலம் ஓரிகன். கஞ்சா வைத்திருப்பதை 1973லேயே குற்றப் பட்டியலிலிருந்து எடுத்த, அந்நாட்டின் முதல் மாநிலம். 1971இல் அதிபர் நிக்சன் போதையை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்துத் தொடங்கிய போர், கறுப்பினத்தவரைக் கூட்டங்கூட்டமாகச் சிறைக்கு அனுப்பியதைக் கண்டு மனம் நொந்தவர்கள் அங்கே அதிகம். 2020 நவம்பரில் அதிபர் தேர்தலோடு சேர்த்து ஒரு யோசனையும் வாக்குக்கு வந்தது: ஹெராயின், கொக்கெய்ன், மெத் எதுவானாலும் சிறிய அளவு வைத்திருப்பது இனிக் குற்றமில்லை. சட்டப்பூர்வக் கஞ்சா விற்பனையின் வரிப்பணம் சிகிச்சைக்குப் போகும். 58 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். போர்ச்சுகல்தான் முன்மாதிரி என்றார்கள்.

2021 பிப்ரவரி 1 முதல் விலங்கு கழன்றது. பிடிபட்டவருக்கு 100 டாலர் அபராதச் சீட்டு. அதில் ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணில் அழைத்து உடல்நல மதிப்பீடு செய்துகொண்டால் அபராதம் தள்ளுபடி.

ஏறக்குறைய யாரும் அழைக்கவில்லை. மாநிலத் தணிக்கை அறிக்கை வெளியிட்ட கணக்கு அதிரவைத்தது: தொடக்க காலத்தில் அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் 119. ஓர் அழைப்புக்கு ஆன செலவு 7,000 டாலருக்கு மேல். அபராதம் கட்டாவிட்டாலும், அழைக்காவிட்டாலும் எதுவும் நடக்காது என்பது சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

சிகிச்சைக்கென ஒதுக்கிய பல கோடி டாலர், அமைப்புகளின் கைக்கு வர 2022 ஆகிவிட்டது. கதவைத் திறந்துவிட்டு ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் வீட்டைக் கட்டத் தொடங்கினார்கள். சிகிச்சை வசதியில் அந்த நாட்டிலேயே கடைசி வரிசையில் இருந்த மாநிலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

அந்த இடைவெளியில் ஃபென்டனில் என்ற போதைப்பொருள் வந்தது. ஹெராயினைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு வீரியம். உப்புக்கல் அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும். ஓரிகனில் ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகைப் போதை மிகுந்து தற்செயலாக இறந்தோர் 2019இல் 280 பேர். 2022இல் 956 பேர். போர்ட்லண்ட் நகரின் நடைபாதைகளில் அலுமினியத் தாளில் பொடியைச் சூடாக்கி இழுப்பவர்களைக் கடந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். 2024 ஜனவரி இறுதியில் அந்நகரில் 90 நாள் ஃபென்டனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. மார்ச்சில் சட்டமன்றம் பழையபடி குற்றமாக்கியது. ஆளுநர் டினா கோடெக் கையெழுத்திட, செப்டம்பர் 1 முதல் கைவிலங்கு திரும்பியது. கூடவே, சிறைக்குப் பதில் சிகிச்சைக்குப் போக ஒரு வழியும் வைக்கப்பட்டது.

சாவுக்கெல்லாம் சட்டமே காரணமா? இதில் நேர்மையாக இருக்கவேண்டும். ஃபென்டனில் அதே ஆண்டுகளில் குற்றநீக்கம் செய்யாத மாநிலங்களையும் சூறையாடியது. 2022இல் அமெரிக்கா முழுவதும் போதை மிகுந்து இறந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தப் பொருள் வந்து சேர்ந்த காலத்தைக் கணக்கில் எடுத்த ஆய்வுகள், சட்டத்துக்கும் சாவுக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை என்றே சொல்லின. ஆகவே சட்டம் கொன்றது என்று சொல்ல முடியாது. சட்டம் காப்பாற்றவில்லை என்று சொல்லலாம். காப்பாற்றுவோம் என்று வாக்குக் கொடுத்த சட்டத்தின் மீது அதுவே போதுமான குற்றச்சாட்டு.

■ இரண்டு ஊர், இரண்டு வழி

*பிடிபட்ட பிறகு:* போர்ச்சுகலில் மூன்று நாளுக்குள் நேரில் வரவேண்டும். ஓரிகனில் ஒரு தொலைபேசி எண்.

*வராவிட்டால்:* போர்ச்சுகலில் குழு மேல்நடவடிக்கை எடுக்கலாம். ஓரிகனில் எதுவும் நடக்கவில்லை.

*எதிரே இருப்பவர்:* போர்ச்சுகலில் சட்டம், மருத்துவம், சமூகப்பணி அறிந்தவர்கள். ஓரிகனில் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போன போலீஸ்காரர்.

*சிகிச்சை:* போர்ச்சுகலில் சட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. ஓரிகனில் சட்டம் வந்து ஓராண்டுக்குமேல் கழித்துப் பணம் வந்தது.

வியாபாரிக்குக் கிடைத்த சுதந்திரம்

மூன்றாவது ஊர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2022 ஜூன் 9 அன்று தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆசியாவில் முதல் நாடு. மருத்துவத்துக்கும் விவசாயிகளின் வருமானத்துக்கும் என்றார்கள். பத்து லட்சம் கஞ்சாக் கன்றுகளை மக்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஆனால் யார் விற்கலாம், யாருக்கு விற்கலாம், எவ்வளவு விற்கலாம் என்று வரையறுக்கும் முழுமையான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவே இல்லை. பட்டியலிலிருந்து எடுத்தது மட்டும் நடந்தது.

பாங்காக்கின் காவ் சான் வீதியில் பச்சை இலை படம் போட்ட பலகைகள் ஒளிர்ந்தன. நாடெங்கும் ஆயிரக்கணக்கான கடைகள். மருத்துவம் பின்னுக்குப் போய்ச் சுற்றுலா முன்னுக்கு வந்தது. பாங்காக்கிலிருந்து வந்திறங்கும் பயணிகளின் பெட்டிகளில் மண்ணில்லாமல் வளர்த்த உயர்ரகக் கஞ்சா சென்னை விமான நிலையத்தில் திரும்பத் திரும்பப் பிடிபட்டதும் இதன் தொடர்ச்சியே. பெட்டியைத் தூக்கிவந்து மாட்டிக்கொண்டவர்களில் கூலிக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களும் உண்டு. 2025 ஜூனில் தாய்லாந்து அரசு பின்வாங்கியது. இனி மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கஞ்சாப் பூ.

பயன்படுத்துபவருக்கு விலங்கு வேண்டாம் என்பது ஒரு வாதம். விற்பவருக்குக் கடிவாளம் வேண்டாம் என்பது முற்றிலும் வேறு வாதம். தனிமனித சுதந்திரம் என்ற பெயரில் முதலாவதைக் கேட்கும்போது இரண்டாவது சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். வாடிக்கையாளர் மீள முடியாமல் திரும்பத் திரும்ப வருவதில்தான் லாபம் என்றால், அந்த வியாபாரத்தைச் சந்தையின் போக்கில் விட முடியாது.

தெருவுக்கும் உரிமை உண்டு

இந்த விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படுபவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். பூங்காவில் சிரிஞ்சு மிதிபடாமல் பிள்ளை விளையாடுவதும் ஒரு சுதந்திரம். ராத்திரி வேலை முடிந்து வரும் பெண் அச்சமில்லாமல் தெருமுனையைக் கடப்பதும் ஒரு சுதந்திரம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2023 ஜனவரி இறுதியில் 2.5 கிராம் வரை போதைப்பொருள் வைத்திருப்பதற்கு விலக்கு நடைமுறைக்கு வந்தது. பொது இடங்களில் பயன்பாடு குறித்துப் புகார்கள் குவியவே, 2024 மே மாதத்தில் பொது இடங்களுக்கான விலக்கு எடுக்கப்பட்டது.

போர்ச்சுகலுக்கும் இந்தச் சோதனை வந்தது. பொருளாதார நெருக்கடியின்போது 2012இல் போதைநோய்க்கென்றே இருந்த தனி அமைப்பைக் கலைத்தார்கள். சிகிச்சைப் பொறுப்பு வட்டார நிர்வாகங்களுக்குப் பிரிந்தது. பணம் சுருங்கியது, அனுபவசாலிகள் கலைந்தார்கள். சில ஆண்டுகளில் போர்ட்டோ நகர வீதிகளில் ஊசிகள் மறுபடி தென்பட்டன. குடியிருப்போர் கொதித்தார்கள். சட்டத்தின் அடிப்படை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே சட்டம், மேசை மட்டும் மெலிந்தது.

எனக்கு இந்த விஷயத்தில் மிகப்பெரிய பாடம் போர்ட்டோதான். போர்ச்சுகலைக் காப்பாற்றியது விலங்கைக் கழற்றிய கை என்று உலகம் நினைத்தது. உண்மையில் கழற்றிய பிறகும் விடாமல் பிடித்திருந்த கைதான் காப்பாற்றியது. அந்தப் பிடி தளர்ந்ததும் ஊர் பழைய பள்ளத்தை நோக்கிச் சறுக்கத் தொடங்கியது.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் சட்டம் 1985இல் வந்தது. அதற்கு முன் பல மாநிலங்களில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகளே இருந்தன. 1961இல் ஐ.நா. உடன்படிக்கையில் நாடு கொடுத்த வாக்கின்படி 25 ஆண்டுக்குள் அதை நிறுத்தவேண்டியிருந்தது. 1893-94இல் ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுத்தடை தேவையில்லை, கட்டுப்பாடும் வரியும் போதும் என்று சொல்லியிருந்தது.

இன்றைய சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, பயன்படுத்துவதே குற்றம். ஹெராயின், கொக்கெய்ன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை. மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை.

ஆனால் இதே சட்டத்துக்குள் ஒரு சன்னலும் இருக்கிறது. 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர் சிறிய அளவோடு பிடிபட்டு, தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் முழுச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. பாதியில் விட்டால் பாதுகாப்பு போய்விடும். 39ஆம் பிரிவின்படி, தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. சுதந்திரமும் பொறுப்பும் கைகோத்து நிற்கும் இரண்டு பிரிவுகள். அந்த வேப்பமரத்தடியில் இவற்றைப் பற்றி அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

சொன்னாலும் போக இடம் வேண்டுமே. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் ஏதேனும் உதவி கிடைத்தவர் இருபதில் ஒருவர். மீதிப் பத்தொன்பது பேருக்கு விலங்கு உண்டு, வைத்தியம் இல்லை.

■ 2019 தேசிய ஆய்வு சொல்வது

மது அருந்துவோர்: ஏறத்தாழ 16 கோடி
கஞ்சா, பாங் பயன்படுத்துவோர்: ஏறத்தாழ 3.1 கோடி
ஹெராயின் உள்ளிட்ட ஓபியாய்டு வகை: ஏறத்தாழ 2.26 கோடி
மதுவால் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்தவர்கள்: 5.7 கோடி
மதுவுக்கு அடிமையானவர்களில் சிகிச்சை பெற்றவர்: 38இல் ஒருவர்

தேசியப் போதைமீட்பு உதவி எண்: 14446 (கட்டணமில்லை)

சட்டப்பூர்வமான போதை நம்மிடமே இருக்கிறது

அந்தப் பெட்டியின் கடைசிக் கணக்கைத் திரும்பப் படியுங்கள். மது சட்டப்பூர்வமானது. 2003 முதல் தமிழ்நாட்டில் அரசு நிறுவனமே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. குடிப்பவர் கையில் விலங்கில்லை. அப்படியானால் குடிநோயாளிக்குச் சிகிச்சை எளிதில் கிடைக்கவேண்டும் அல்லவா? நாட்டளவில் 38 பேரில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. தடைசெய்த போதையில் இருபதில் ஒருவர். அனுமதித்த போதையில் அதைவிடக் குறைவு.

சட்டப்பூர்வமாக்கினால் கள்ளச் சந்தை ஒழிந்துவிடும் என்ற வாதத்துக்கும் நம் மண்ணிலேயே பதில் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மதுக்கடை திறந்திருந்த மாநிலத்தில்தான் அது நடந்தது. கடை விலை கொடுக்க முடியாத கூலித் தொழிலாளிக்கு மலிவுப் பாக்கெட் எப்போதும் காத்திருக்கும்.

ஆக, "தடை போட்டால் சரியாகிவிடும்" என்பதும் "திறந்துவிட்டால் சரியாகிவிடும்" என்பதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள். இரண்டுமே வேலையைச் சட்டத்தின் தலையில் போட்டுவிட்டு மனிதர்கள் விலகிக்கொள்ளும் வழி. முதலாவதில் கைவிலங்கு. இரண்டாவதில் கைகழுவல். நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டிலும் அவர் தனியாகத்தான் நிற்கிறார்.

நான் கேட்பது கைகொடுத்தலை. சிறிய அளவோடு பிடிபடுகிறவரைச் சிறைக்கு அனுப்பவேண்டாம் என்றே நினைக்கிறேன். உள்ளே போகும் பையன் இன்னும் பெரிய ஆட்களின் அறிமுகத்தோடுதான் வெளியே வருவான். ஆனால் விலங்கைக் கழற்றும் நாளுக்கு முன்பே மாவட்டந்தோறும் அந்த மேசை போடப்பட்டிருக்கவேண்டும். அரசு மருத்துவமனையில் படுக்கை, மருந்து, மனநல மருத்துவர் மூன்றும் தயாராக இருக்கவேண்டும். பொறுப்பு பயன்படுத்துபவருக்கும் உண்டு: அழைத்தால் வரவேண்டும், போதையில் வண்டி ஓட்டக் கூடாது, பிள்ளைகள் நடமாடும் இடத்தில் புகைக்கக் கூடாது. இதையெல்லாம் அவரிடம் கேட்பது அவரை இழிவுபடுத்துவது ஆகாது. பொறுப்பேற்கக் கூடிய மனிதராக அவரை மதிப்பதால்தான் கேட்கிறோம்.

அன்று மாலை ஐந்தரைக்கு அந்தப் பையன் வெளியே வந்தான். ஒல்லியான உடம்பு, சிவந்த கண்கள். அம்மா எதுவும் கேட்கவில்லை. சட்டையை மாற்றிக்கொள்ளச் சொன்னார். டிபன் டப்பாவைத் திறந்து கொடுத்தார். ஆறிப்போன இட்லியை அவன் தலைகுனிந்து தின்றான். பிறகு இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். சாலையைக் கடக்கும்போது அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காலையில் விலங்கு இருந்த அதே இடம். கடந்த பிறகும் விடவில்லை.

எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. வந்த பஸ்களையெல்லாம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.